இரண்டு கையெழுத்துகள்

மத்ரஸாவில் நாங்கள் ஓதிக்கொண்டிருந்த காலத்தில் எங்கள் உஸ்தாது ஒருவர், ஒரு சொல்லை எடுத்துக்கொண்டால் அதன் வேர்வரை தோண்டிக் காட்டாமல் விடமாட்டார். திருக்குர்ஆனின் 42 ஆவது அத்தியாயத்தின் பெயராகிய 'அஷ்ஷூரா' என்ற சொல்லை அவர் விளக்கிய நாள் இன்றும் என் நினைவில் நிற்கிறது. கலந்தாலோசித்தல் என்று பொருள்படும் அச்சொல்லும், நம் வீடுகளில் அன்றாடம் வழங்கும் 'மஷ்வரா' என்ற சொல்லும் ஒரே வேரில் கிளைத்தவை. அந்த வேருக்குக் கூட்டிலிருந்து தேன் எடுத்தல் என்றும் ஒரு பொருள் உண்டு என அகராதிகள் கூறும். "தேன் ஓர் அறையில் மட்டும் இருப்பதில்லை. பல அறைகளிலிருந்தும் வடித்தெடுக்க வேண்டும். பலர் நெஞ்சிலிருந்தும் நல்ல கருத்தை வடித்தெடுப்பதுதான் மஷ்வரா" என்றார் அவர்.

இந்த விளக்கத்தை நான் முப்பது ஆண்டுக்காலமாக மாணவர்களுக்குச் சொல்லி வருகிறேன். சொல்லும்போதெல்லாம் வகுப்பு ரசிக்கும். எனக்கும் மனநிறைவாக இருக்கும். ஆனால், அச்சொல்லின் பொருளை எனக்கு உண்மையாகக் கற்பித்தவர் அரபு எழுத்து ஒன்றுகூட அறியாத ஒரு கருப்பட்டி வியாபாரி என்பதை இப்போதுதான் வெளிப்படையாக எழுத முன்வருகிறேன்.

என் ஊர் நாங்குநேரி வட்டத்தைச் சேர்ந்த ஏர்வாடி. அங்கிருந்து தெற்கே வள்ளியூர், இராதாபுரம் வழியாகச் சென்றால் கடல் தெரிவதற்குச் சற்று முன்பாகக் கூடங்குளம் வரும். பனையும் முள்ளும் காற்றாடிகளும் நிறைந்த வறண்ட பூமி. அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் எங்கள் தெருவுக்குக் கருப்பட்டி கொண்டுவருவார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஆதலால் நான் அவரை 'அண்ணாச்சி' என்பேன். அவர் என்னைப் 'பாய்' என்பார். என் தந்தையார் காலத்திலிருந்தே எங்கள் வீட்டுக் கருப்பட்டி அவர் கைப்பட வந்ததுதான். ரமலான் பிறக்கப் போகிறது என்றால் நாங்கள் சொல்லி அனுப்ப வேண்டியதில்லை. பிறைக்கு முன்னே அவர் ஓலைக்கொட்டான் வந்துவிடும். அவருக்கிருந்த கொஞ்சம் பனங்காட்டில் ஒரு பகுதி அணுமின் நிலையத்திற்காக எடுக்கப்பட்டது. மீதியில் நின்ற பனைகளை வைத்துத்தான் பிழைப்பு.

2012 ஆம் ஆண்டு தமிழகத்தில் மின்வெட்டு எப்படி இருந்தது என்பதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், சில நாள்களில் அதற்கும் மேலாக மின்சாரம் இராது. மார்ச் மாதம் பன்னிரண்டாம் வகுப்பு அரசுத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் வியர்வை சொட்டச் சொட்ட மெழுகுவத்தி வெளிச்சத்தில் படித்தார்கள். சிறு பட்டறைக்காரர்களும் மாவுமில் வைத்திருந்தவர்களும் தொழிலை மூடிவிட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தார்கள். கூடங்குளத்தில் கட்டி முடித்த உலை இருக்கிறது. இடிந்தகரையில் சில ஆயிரம் பேர் உட்கார்ந்துகொண்டு அதை ஓடவிடாமல் தடுக்கிறார்கள் என்பது அன்று எங்கள் பக்கத்துப் பொதுப் பேச்சு. 2011 நவம்பர் 6 ஆம் நாள் அப்துல் கலாம் அவர்கள் நேரில் வந்து பார்வையிட்டு, உலை பாதுகாப்பானது என்று கூறிச் சென்றிருந்தார். இராமேசுவரத்தில் பிறந்து நாட்டின் முதற்குடிமகனாக உயர்ந்த நம்மவர் சொன்ன சொல்லுக்கு அப்பால் எனக்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

அந்த நாள்களில் ஒருவர், மின்நிலையத்தை உடனே இயக்க வேண்டும் என்ற விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தார். நான் அதைப் படித்துப் பார்த்தேனா என்பதுகூட ஐயம்தான். கையெழுத்திட்டதோடு நில்லாமல், அடுத்த வீட்டாரையும் அழைத்துக் கையெழுத்திடச் செய்தேன்.

பங்குனி பிறந்த சமயம் அண்ணாச்சி வந்தார். கொட்டானை இறக்கி வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். பிறகு கேட்டார்: "பாய், நீங்களும் கையெழுத்துப் போட்டியளாமே?"

"ஆமாம் அண்ணாச்சி. பிள்ளைகள் இருட்டில் கிடக்கிறார்களே. ஊருக்கு வெளிச்சம் வேண்டாமா?" என்றேன்.

"வெளிச்சம் வேண்டாம்னு யாரு சொன்னா? எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா" என்றார்.

அவர் குரலில் கோபம் இல்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். அந்த ஒரு வார்த்தைக்கு விடை தேடித்தான் நான் தேதிகளைப் புரட்டத் தொடங்கினேன்.

*

நாட்டின் வளர்ச்சிக்கு மக்களாட்சி துணையா, தடையா என்ற வினா அறிஞர்களிடையே நெடுங்காலமாக நடந்துவரும் வழக்கு. தடை என்பார் முதலில் சிங்கப்பூரைக் காட்டுவர். லீ குவான் யூவின் இறுகிய ஆட்சியில் அத்தீவு செல்வபுரியானதைக் கூறுவர். 1961 முதல் 1979 வரை பார்க் சுங் ஹீயின் இராணுவப் பிடியிலிருந்த தென்கொரியாவையும், இன்றைய சீனத்தையும் துணைக்கு அழைப்பர். பலரைக் கேட்டுக்கொண்டிருந்தால் பாலம் எழும்பாது என்பது இவர்கள் கட்சி.

துணை என்பாரும் வெறுங்கையோடு வரவில்லை. கட்டற்ற ஆட்சியில் வளர்ந்த நாடுகளை எண்ணுவோர், அதே ஆட்சியில் சீரழிந்த நாடுகளை எண்ண மறக்கின்றனர் என்பர். தென்கொரியா 1987க்குப் பின் மக்களாட்சிக்கு மாறியும் அதன் வளர்ச்சி நின்றுவிடவில்லை. தாரன் அசெமோக்லுவும் அவருடைய கூட்டாளிகளும் 2019இல் வெளியிட்ட ஆய்வொன்று, மக்களாட்சிக்கு மாறிய நாடுகளின் தலைவருமானம் இருபத்தைந்து ஆண்டுக்காலத்தில், மாறாதிருந்தால் இருந்திருக்கக்கூடியதைவிட ஏறத்தாழ 20 விழுக்காடு கூடுதலாகிறது என மதிப்பிட்டது. அதற்கும் முன்பே அமர்த்தியா சென், சுதந்திரமான பத்திரிகைகளும் தேர்தலும் உள்ள நாட்டில் பெரும்பஞ்சம் தோன்றுவதில்லை என்று எடுத்துக்காட்டினார். 1943இல் அந்நியர் ஆட்சியில் வங்காளம் பட்டினியால் மடிந்தது. விடுதலைக்குப் பின் நம் நாட்டில் வறுமை நீங்கவில்லை. ஆனால் அத்தகைய பேரழிவு திரும்பவில்லை. சீனத்திலோ 1958க்கும் 1961க்கும் இடையில் கோடிக்கணக்கானோர் மாண்டனர். கேட்பார் இல்லாத ஆட்சிக்குத் தன் பிழை தெரியவே நெடுநாள் ஆகிறது.

இவையனைத்தையும் படித்த பிறகும் அண்ணாச்சியின் கேள்விக்கு எனக்கு விடை கிடைக்கவில்லை. ஏனெனில், அறிஞர்கள் நாட்டை நிறுக்கின்றனர். அவர் கேட்டது ஊரைப் பற்றி. இந்தியா மக்களாட்சி நாடு என்பதில் இரு கருத்தில்லை. கூடங்குளம் அந்த நாட்டுக்குள்தான் இருக்கிறது. ஆயினும், நாடு முழுதும் மக்களாட்சியாக இருந்து, ஒரு வட்டாரம் மட்டும் கேட்கப்படாமல் போக முடியுமா? முடியும் என்பதைத் தேதிகள் சொல்கின்றன.

1988 நவம்பர் 20. இராஜீவ் காந்தியும் மிகைல் கோர்பச்சேவும் கூடங்குளத்தில் இரு அணு உலைகள் அமைக்கும் ஒப்பந்தத்தை முடித்தனர். அந்த நாளில் தமிழ்நாட்டில் சட்டமன்றமே கிடையாது. எம்.ஜி.ஆர். மறைந்த பின், 1988 சனவரி 30இல் அமைச்சரவை நீக்கப்பட்டுக் குடியரசுத் தலைவர் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. 1989 சனவரி 27இல்தான் மக்கள் தேர்ந்தெடுத்த அரசு மீண்டும் பதவியேற்றது. அதாவது, இராதாபுரம் தொகுதிக்காக எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்க அன்று சென்னையில் ஓர் இருக்கைகூட இல்லை.

1989 மே 9இல் மத்திய அரசின் சுற்றுச்சூழல் ஒப்புதல் கிடைத்தது. பெருந்திட்டங்களுக்கு முன்னதாகச் சுற்றுச்சூழல் மதிப்பீடு வேண்டும் என்ற அறிவிக்கை 1994இலும், ஊர்மக்களின் கருத்துக் கேட்புக் கூட்டம் கட்டாயம் என்ற விதி 1997இலும்தான் வந்தன. ஆகவே முதலிரு உலைகளுக்குக் கருத்துக் கேட்பு நடக்கவில்லை. சோவியத் யூனியன் சிதறி, திட்டம் பத்தாண்டு உறங்கி, 1998இல் துணை ஒப்பந்தம் ஏற்பட்டு, 2002 மார்ச் 31இல் முதற் கான்கிரீட் இடப்பட்டபோது நாட்டில் அந்த விதி இருந்தது. ஆனால் பழைய ஒப்புதல் பழையபடியே செல்லும் என்று கொள்ளப்பட்டது. உச்சநீதிமன்றமும் 2013இல் அதை ஏற்றது. சட்டப்படி பிழையில்லை. எனினும், கேட்க வேண்டும் என்ற விதி வருவதற்கு முன்பே கேளாமல் முடிந்துவிட்ட காரியம் அது என்ற உண்மை மாறவில்லை.

1993 ஏப்ரல் 24இல் அரசியல் சட்டத்தின் 73 ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்தது. கிராம சபைக்கும் ஊராட்சிக்கும் சட்டத்தில் இடம் கிடைத்தது. ஊராட்சிக்கு ஒப்படைக்கத் தக்கவை என அது வகுத்த 29 இனங்களுள் கிராம மின்வசதியும் மரபுசாரா எரிசக்தியும் உள்ளன. அணுசக்தியோ முற்றிலும் மத்திய அரசின் பட்டியலில் உள்ளது. ஆகவே கூடங்குளத்து ஊராட்சி தன் தெருவிளக்கைப் பற்றி விவாதிக்கலாம்; தன் எல்லையில் எழும் உலையைப் பற்றித் தீர்மானிக்க முடியாது. இவ்வளவு பெரிய பொருளை ஓர் ஊர் மட்டும் தீர்மானிக்க முடியாது என்பது நியாயமே. ஆனால் தீர்மானிக்கும் உரிமை வேறு, கேட்கப்படும் உரிமை வேறு அன்றோ?

இனி வருவதுதான் என்னை மிகவும் திகைக்கச் செய்த கணக்கு. 2016 அக்டோபரில் தமிழ்நாட்டு உள்ளாட்சி அமைப்புகளின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் வழக்குகளில் சிக்கியது. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளுக்குத் தேர்தல் நடந்தபோது, தென்காசி தனி மாவட்டமாகப் பிரிந்த காரணத்தால் திருநெல்வேலி மாவட்டம் விடுபட்டது. எங்களுக்கு 2021 அக்டோபர் 6, 9 ஆகிய நாள்களில்தான் வாக்களிக்க வாய்த்தது. ஆக ஐந்து ஆண்டுகள் எங்கள் ஊராட்சிகளில் மக்கள் பிரதிநிதி எவரும் இல்லை. தனி அலுவலர்களின் நிர்வாகம் நடந்தது. அந்த ஐந்து ஆண்டுகளுக்குள் 2017 மார்ச் 31இல் இரண்டாவது உலை வணிக உற்பத்தியைத் தொடங்கியது. 2017 சூன் 29இல் மூன்றாவது உலைக்கும், அக்டோபர் 23இல் நான்காவதற்கும், 2021 சூன் 29இல் ஐந்தாவதற்கும் கட்டுமானம் தொடங்கியது. ஆறாவதற்குத் தேர்தல் முடிந்த இரண்டு மாதத்தில், டிசம்பர் 20இல்.

இதை நான் சூழ்ச்சி என்று சொல்லவில்லை. புதிய உலைகளுக்கான கருத்துக் கேட்புக் கூட்டம் 2007இலேயே நடந்துவிட்டது. தேர்தல் தள்ளிப்போனதற்கும் உலைக்கும் தொடர்பில்லை. ஆனால் ஓர் ஊரின் வரலாற்றிலேயே மிகப்பெரிய முதலீடு இறங்குகின்ற ஆண்டுகளில், அவ்வூரார் தம் குறையைச் சொல்லித் தட்டுவதற்கு ஒரு தலைவர் வீட்டுக் கதவுகூட இல்லாமற் போனதை யாரும் ஒரு குறையாகவே எண்ணவில்லை என்பதுதான் என் வருத்தம். 2016 சட்டமன்றத் தேர்தலில் இராதாபுரம் தொகுதியின் வெற்றி 49 வாக்குகளில் அறிவிக்கப்பட்டது. ஒவ்வொரு வாக்கும் எத்துணை எடை உடையது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா. அந்த வாக்குகளுக்குச் சொந்தக்காரர்கள்தாம் தம் ஊராட்சிக்கு ஐந்தாண்டு வாக்களிக்க முடியாமல் இருந்தார்கள். பதினைந்து இலட்சத்திற்கும் மேற்பட்ட வாக்காளர்களைக் கொண்ட ஒரு மக்களவைத் தொகுதியில் ஒரு கடற்கரைச் சிற்றூரின் குரல் எவ்வளவு தூரம் கேட்கும்? மேல்மாடியில் விளக்கெரிகிறது என்பதற்காகக் கீழ்வீட்டில் இருள் இல்லையென்று ஆகிவிடுமா?

*

உலையால் வட்டாரத்திற்கு நன்மையே விளையவில்லை என்று எழுதினால் நான் பொய்யனாவேன். செட்டிகுளத்தில் அணுவிஜய் நகரியம் எழுந்தது. சாலைகள் அகன்றன. கடைகள் பெருகின. வீட்டு வாடகை உயர்ந்தது; அது வாடகைக்கு விடுவோர்க்கு வருமானம், வாடகைக்கு இருப்போர்க்குச் சுமை. ஒப்பந்தத் தொழிலாளராகப் பலர் வேலை பெற்றனர். முதலிரு உலைகளின் 2000 மெகாவாட்டில் தமிழ்நாட்டுக்கு 925, கர்நாடகத்திற்கு 442, கேரளத்திற்கு 266, புதுச்சேரிக்கு 67 எனப் பங்கீடு செய்யப்பட்டு, 300 மத்திய அரசின் கையில் வைக்கப்பட்டது. தென்னகம் முழுவதற்கும் கூடங்குளம் விளக்கேற்றியது என்பது மிகையன்று.

ஆனால் நன்மைகளை ஒவ்வொன்றாக எடுத்து, அது எப்போது வந்தது என்று கேட்டுப்பார்த்தேன். உலையின் தேவைக்குப் பேச்சிப்பாறை அணையிலிருந்து நீர் எடுப்பது முதல் திட்டம். உழவர்களின் எதிர்ப்புக்குள்ளான அத்திட்டம் பின்னர்க் கைவிடப்பட்டு, கடல்நீரை நன்னீராக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. வட்டார வளர்ச்சிக்கு 200 கோடி ரூபாயில் பத்து அம்சத் திட்டத்தைக் கலாம் அவர்கள் முன்வைத்தது 2011 நவம்பரில். மாநில அரசு 500 கோடி ரூபாய் சிறப்பு நிதியை அறிவித்தது 2012 மார்ச் 19இல். பாதுகாப்பு முதல் ஊர் நலம் வரை 15 கட்டளைகளை உச்சநீதிமன்றம் பிறப்பித்தது 2013 மே 6இல். 1988 முதல் 2011 வரை இருபத்து மூன்று ஆண்டுகள் யாருக்கும் தோன்றாத 500 கோடி, மக்கள் இடிந்தகரையில் அமர்ந்த ஏழே மாதத்தில் தோன்றியது! போராட்டம் வளர்ச்சிக்குத் தடை என்று நாம் அன்று பேசினோம். வட்டாரத்தின் பங்கைப் பற்றிய பேச்சே போராட்டத்தால்தான் எழுந்தது. கேளாமல் வந்தது உலை; வாய் திறந்து கேட்ட பிறகு வந்தது ஊரின் பங்கு.

அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் சிறிதன்று. 2012 செப்டம்பர் 10இல் கடற்கரையில் தடியடியும் கண்ணீர்ப்புகையும் நடந்தன. அன்றே மணப்பாட்டில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் மீனவர் ஒருவர் உயிரிழந்தார். தேசத் துரோகப் பிரிவு உள்படப் பல பிரிவுகளில் ஆயிரக்கணக்கானோர் மீது வழக்குகள் எழுதப்பட்டன. இயல்பு நிலை திரும்ப அவ்வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்பதும் உச்சநீதிமன்றத்தின் 15 கட்டளைகளுள் ஒன்று. ஆயினும் பல வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீடித்தன.

இங்கேதான் நான் என் இரண்டாவது கையெழுத்தைச் சொல்ல வேண்டும்.

அண்ணாச்சியின் மகன் அந்த வழக்குகளில் ஒன்றில் அகப்பட்டவன். கூட்டத்தில் நின்றவன் என்பதற்கு மேல் அவன் செய்தது ஒன்றுமில்லை என்று அவர் சொன்னார்; எனக்கும் அதில் ஐயமில்லை. 2013இல் அவனுக்கு வளைகுடாவில் ஒரு வேலை அமைந்தது. வழக்கு இருப்பதால் பாஸ்போர்ட்டு கிடைக்கவில்லை. தெரிந்த பெரியவர்கள் நாலு பேர் அவனைப் பற்றி நற்சான்று எழுதிக் கொடுத்தால் உதவியாக இருக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அண்ணாச்சி என்னிடம் வந்தார். "நீங்க வாத்தியாரு. சின்னப் பிள்ளையில இருந்து அவனப் பாத்திருக்கிய. ஒரு கையெழுத்துதான் பாய்" என்றார்.

நான் உடனே மறுக்கவில்லை. மறுத்திருந்தாலாவது ஒரு நேர்மை இருந்திருக்கும். "பிறகு பார்ப்போம் அண்ணாச்சி, யோசித்துச் சொல்கிறேன்" என்றேன். நம்மைப் போன்றவர்கள் இதில் பெயரைக் கொடுத்தால் நாளை என்ன விசாரணை வருமோ, பள்ளிக்கூடத்தில் என்ன கேட்பார்களோ என்று அச்சம். ஒரு மாதம் யோசித்தேன். அதற்குள் அந்த வேலை வேறொருவனுக்குப் போய்விட்டது. அண்ணாச்சி அதைப் பற்றி மறுபடி பேசவேயில்லை. வழக்கம்போல அந்த ரமலானுக்கும் கருப்பட்டி வந்தது. நோன்பு திறந்து கருப்பட்டிக் காப்பியை வாயருகே கொண்டுபோகும்போதெல்லாம் அது எனக்குக் கசந்தது.

உலையை ஓட்டுவதற்குக் கேட்டபோது படிக்காமலே போட்ட கை, நான் அறிந்த ஒரு பிள்ளைக்காகக் கேட்டபோது எழவில்லை. 'ஷூரா'வுக்குத் தேன்கூட்டை உவமை சொன்ன அதே வாயால்தான் நான் 'பிறகு பார்ப்போம்' என்றும் சொன்னேன்.

*

1332இல் துனிசில் பிறந்த இப்னு கல்தூன் தம் 'முகத்திமா'வில் ஒரு தனி அத்தியாயமே ஒதுக்கி ஒரு கருத்தை நிறுவுகிறார். மக்களுடைய பொருளும் உழைப்பும் உரிய ஈடின்றிப் பறிக்கப்படுமானால் அவர்களுக்கு முயற்சியில் ஆர்வம் போய்விடும். முயற்சி போனால் சந்தை வாடும். சந்தை வாடினால் ஊர் தேயும் என்பது அதன் சாரம். அநீதி என்பது அறத்திற்கு மட்டும் கேடு அன்று, பொருளாதாரத்திற்கும் கேடு என்று அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே கூறியவர் அவர். மத்ரஸாவில் அவரை நாங்கள் வரலாற்றாசிரியர் என்றுதான் படித்தோம். கூடங்குளத்தை நினைத்துக்கொண்டு மறுபடி படித்தபோது அவர் அண்ணாச்சியின் வழக்கறிஞராகத் தோன்றினார்.

எதிர்வழக்காடவும் நம் மண்ணிலேயே சான்று உண்டு. திருநெல்வேலிக்கு வடக்கே மானூர்க் கோயிலில், கி.பி. 800ஐ ஒட்டிய காலத்துப் பாண்டியன் மாறஞ்சடையனின் கல்வெட்டு ஒன்று உள்ளது. ஊர்ச்சபையில் இடம்பெறுவோர்க்குரிய தகுதிகளை அது வகுக்கிறது. உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டுகளுக்கும் நூறாண்டு மூத்தது. அதில் ஒரு விதி: எந்தக் கருத்து வந்தாலும் அல்ல, அல்ல என்றே முட்டுக்கட்டை போடுகிறவர்கள் ஐந்து காசு தண்டம் கட்ட வேண்டும்! அந்தச் சபை நிலப்பங்குடைய அந்தணர்களின் சபை. ஊரார் அனைவருக்கும் அதில் இடமில்லை. அக்குறையை மறைக்க வேண்டா. ஆயினும், கேட்கப்பட வேண்டும் என்ற உரிமையோடு, கேட்டதைக் கேட்டு ஒரு முடிவுக்கு வரவேண்டும் என்ற கடமையும் சேர்ந்தே வருகிறது என்பதை நெல்லைச் சீமை அன்றே உணர்ந்திருந்தது.

நான் இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2012இல் மெழுகுவத்தி வெளிச்சத்தில் படித்த பிள்ளைகளின் துன்பமும் உண்மையான துன்பமே. தாமதத்திற்கும் பலியாவோர் உண்டு. இராதாபுரம், திசையன்விளைப் பக்கத்து மக்கள் தலைமுறைகளாகக் கேட்டது தண்ணீர். தாமிரபரணியின் வெள்ள உபரியை அங்கே கொண்டுசேர்க்கும் கருமேனியாறு, நம்பியாறு இணைப்புத் திட்டம் 2009இல் 369 கோடி ரூபாய் மதிப்பில் தொடங்கப்பட்டது. அது நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது 2025 பிப்ரவரியில். செலவு ஆயிரம் கோடியைத் தாண்டிவிட்டது. மக்கள் கேட்டது வர பதினாறு ஆண்டு. அந்தக் கால்வாயை நாளை எழுந்து தடுத்தவர் யாருமில்லை. அலுவலகங்களுக்கிடையே அது தானாகவே தூங்கியது. ஆகவே வேகமின்மை என்பது மக்களைக் கேட்பதால் வரும் நோய் அன்று. கேட்காத இடத்திலும் அது வரும். தூங்குகின்ற திட்டத்தைத் தட்டி எழுப்பவும் ஊரில் ஒரு குரல் வேண்டியிருக்கிறது.

அண்டை மாநிலமான கேரளம் 1996இல் மக்கள் திட்டம் என்ற பெயரில், மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தது. அங்கும் குறைகள் இல்லாமல் இல்லை. ஆனால் பணம் எங்கே போயிற்று என்று கேட்க ஊராருக்கு ஓர் இடமும் நாளும் கிடைத்தன. வட்டாரத்தின் வளர்ச்சிக்கு மக்களாட்சி செய்யும் உதவி இதுதான் என்று நான் கருதுகிறேன். முதலீட்டை அது கொண்டுவரலாம், வராமலும் போகலாம். வந்த முதலீட்டில் ஊருக்கு உரிய பங்கைப் பிரித்துக் கொடுக்கச் செய்வது அதுவே. பங்கு கிடைக்காத ஊரில் நடப்பது வளர்ச்சி அன்று. அந்த ஊரின் வழியாக வேறெங்கோ செல்கின்ற ஒரு சாலை.

*

2022 அக்டோபர் 2ஆம் நாள் அண்ணாச்சியின் ஊரில் கிராம சபை கூடுவதாக அறிந்து அவரைப் பார்க்கச் சென்றேன். அவர் பனை ஏறுவதை விட்டு வெகு காலம் ஆகிவிட்டது. மகன் இப்போது அதே மின்நிலையத்தில் ஓர் ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்க்கிறான்.

எனக்கு அங்கே வாக்கு இல்லை; எனவே வேப்பமரத்தடியில் தள்ளி அமர்ந்துகொண்டேன். ஊராட்சியின் வரவு செலவைப் படித்தார்கள். ஒரு பெண்மணி எழுந்து, மேல்நிலைத் தொட்டியிலிருந்து தங்கள் தெருவுக்கு ஏன் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வருகிறது என்று கேட்டார். பதில் சொன்னவர் முதலில் மோட்டார்மீது பழி போட்டார். அந்த அம்மாள் உட்காரவில்லை. இரண்டாம் முறை கேட்டார். மூன்றாம் முறை கேட்டபோது எந்தத் தேதிக்குள் சரிசெய்யப்படும் என்பது தீர்மானப் புத்தகத்தில் ஏறியது. மிகச் சிறிய காரியம்தான். ஆயிரம் மெகாவாட்டுக்கு முன் ஒரு குழாய் எம்மாத்திரம்? ஆனால் பதில் சொன்னவர் அந்த ஊரிலேயே குடியிருப்பவர். அடுத்த தேர்தலில் அந்த அம்மாளின் வாசலுக்கு வந்து நிற்க வேண்டியவர். முந்தைய ஐந்தாண்டுகளில் இல்லாமற் போனது அதுதான்.

கூட்டம் முடிந்ததும் வருகைப் பதிவேடு சுற்றி வந்தது. அண்ணாச்சி கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டு, மெல்லத் தம் பெயரை எழுதினார். அவர் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் நெஞ்சு பொறுக்கவில்லை. திரும்பி நடக்கும் வழியில் சொன்னேன்: "அண்ணாச்சி, தம்பிக்கு அன்றைக்கு நான் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும்."

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "போட்டிருந்தாலும் கிடைச்சிருக்குமோ என்னமோ பாய். ஆனா போட்டிருக்கலாம்" என்றார்.

ஆறுதலாகவும் அவர் சொல்லவில்லை, குத்தலாகவும் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். பத்தாண்டுக்கு முன் அவர் சொன்ன 'கேட்டிருக்கலாம்லா' என்ற சொல்லோடு இதையும் சேர்த்து வைத்துக்கொண்டேன்.

நம் மஹல்லாக்களிலும் ஜமாஅத்துகளிலும் காரியங்கள் எப்படி முடிவாகின்றன என்று ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுப் பார்ப்பது நல்லது. யாருடைய சுவர் இடிபடுமோ, யாருடைய கடை அகலுமோ அவரைக் கேட்ட பிறகா முடிவெடுக்கிறோம்? மேலேயுள்ளவர்களைக் கேள்வி கேட்கும் தகுதி, கீழேயுள்ளவர்களைக் கேட்பவருக்குத்தான் உண்டு. இந்தத் தகுதியை நான் இழந்திருந்தேன் என்பதற்காகவே இவ்வளவும் எழுதினேன்.

தமிழ்நாட்டில் கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சிகளில் வாழும் வாசகர்கள் இந்த நாள்களைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். சென்று அமருங்கள், கணக்கைக் கேளுங்கள், பதிவேட்டைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.